கூரைப்புடவையில் வாய் வைத்த மைனர்

கையில் கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில் ஆடு இல்லை.

காலை வெயில் அப்போதுதான் ஓட்டுக் கூரைகளைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் என் மாமனார் வீட்டுத் தெரு. இரண்டு வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு, இடுப்பு உயரத்தில் அரக்குப் பட்டுப் பாவை, அதாவது புடவையின் நெடுக்கு இழைகளை, நீட்டிக் கட்டியிருந்தார்கள். ஈரக் கஞ்சி வாசனை தெருவெல்லாம் அடித்தது. பாவின் இரு பக்கமும் ஆட்கள் நின்று, ஒட்டிக்கொண்ட இழைகளைப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் கயிற்றைப் பார்த்தேன். முனை ஈரமாக, நார்நாராகப் பிரிந்திருந்தது. மென்றே அறுத்திருக்கிறான்.

"மாப்ள!" என்று ஒரு கத்தல். என் மாமனார் குரலை உயர்த்தி அதற்கு முன் நான் கேட்டதில்லை. திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் திரும்பித்தானே ஆக வேண்டும்?

திரும்புவதற்கு முன்னால், இந்த ஆடு என் வாழ்க்கைக்குள் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அதுவரை அது அங்கேயேதான் நிற்கும். அவசரம் எனக்குத்தான், அதற்கு இல்லை.

கணக்கு வாத்தியார் கொடுத்த சான்றிதழ்

பள்ளிக்கூடத்தில் எங்கள் கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்து அடிக்கடி சொல்வார்: "நீயெல்லாம் ஆடு மேய்க்கத்தான்டா லாயக்கு." அந்தக் காலத்தில் எல்லா வாத்தியார்களும் எல்லாப் பையன்களுக்கும் தாராளமாக வழங்கிய சான்றிதழ் அது. என்னோடு அதை வாங்கியவர்களில் ஒருவன் வங்கியில் அதிகாரி ஆனான். ஒருவன் துபாய்க்குப் போனான். வாத்தியார் பேச்சை மதித்து உண்மையிலேயே ஆடு மேய்க்கப் போனவன் நான் ஒருவன்தான்.

லாயக்கு என்று சொன்னாரே, அந்த ஒரு இடத்தில் மட்டும் அவர் கணக்கு தப்பிவிட்டது.

தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து முதுகு போனதால், தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் தறியை விட்டு எழுந்துவிட்டேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். முதுகின் மேல் பழியைப் போடுவது எனக்கு வசதி. உண்மை என்னவென்றால் நான் மோசமான நெசவாளி.

அதற்குச் சாட்சி எங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கிறது. எங்களில், முகூர்த்தத்தில் பெண் கட்டுகிற கூரைப்புடவை மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. என் கல்யாணம் நிச்சயமானதும், "பெண்டாட்டி புடவையை நானேதான் நெய்வேன்" என்று வீம்பு பிடித்தேன். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். நெய்தேன். புடவையின் உடலையும் கரையையும் கோத்துக்கொண்டே போகிற இடத்தைக் கோர்வை என்போம். அதில் ஒரு சாண் நீளத்துக்கு, குடித்தவன் நடந்த மாதிரி கோணிக்கொண்டு போய்விட்டது.

செல்வி மணையில் வந்து உட்கார்ந்ததும் முதலில் பார்த்தது என்னை அல்ல, அந்த ஒரு சாணைத்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் குனிந்த தலை நிமிராமல் தாலி கட்டியதற்கு வெட்கம் காரணம் என்று ஊரார் நினைத்துக்கொண்டார்கள்.

அவள் பரம்பரையாக நெய்கிற வீட்டுப் பெண். கோர்வையில் அவள் கை படிந்தால் கோடு போட்ட மாதிரி நிற்கும். எனவே எங்கள் வீட்டுப் பங்கீடு சண்டையில்லாமல் முடிந்தது. அவள் தறியில், நான் வெளியில்.

நான் மேய்த்த லட்சணம்

ஏனாத்தூரில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அங்கே கொட்டகை போட்டு ஆடு வாங்கிவிட்டேன். நிலத்தை ஒட்டிய சாலையில்தான் கல்லூரிக்குப் போகிற பஸ் வரும். நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுகளின் பின்னால் ஓடுவதைப் பார்த்து, ஒரு பையன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"அண்ணா, நீங்க ஆட்டை மேய்க்கிறீங்களா, ஆடு உங்கள மேய்க்குதா?"

நான் யோசித்துப் பதில் சொல்வதற்குள் பஸ் போய்விட்டது. இன்னமும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலில் வேலி போட்டேன். கருவேல முள்ளை வெட்டி, கை கிழிய, நிலத்தைச் சுற்றி அடைத்தேன். அது வேலி என்று ஆடுகளுக்கு யாரும் சொல்லவில்லை. இலையைத் தின்றன. காயைத் தின்றன. மிச்சமிருந்த முள் என் காலில் ஏறியது. எதிரியைத் தடுக்கிறோம் என்று நினைத்து அவனுக்கு இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருப்போம் என்கிற உண்மை எனக்கு அன்று தெரிந்தது. பிற்பாடு சொந்தக்காரர்கள் விஷயத்திலும் இது எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

இன்னொன்று. அகத்திக் கீரையை வாயருகே கொண்டுபோய்க் கொடுத்தால் ஆடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதையே எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு, "தொடாதே" என்று அதட்டினால் பின்னங்காலில் எழும்பி நின்று தின்னும். செல்வியிடம் இதை வியந்து சொன்னேன். "எனக்கு இது கல்யாணம் ஆன புதுசுலயே தெரியும்" என்றாள். அவளுக்கு அப்போது ஆடே கிடையாது. யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

கூட்டத்தில் ஒரு கிடா இருந்தான். செம்பழுப்பு உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவன் போல நடப்பான். நடையைப் பார்த்து செல்விதான் ‘மைனர்’ என்று பெயர் வைத்தாள்.

எனக்குத் தோன்றிய மகா யோசனை

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விஷயம். பட்டு இழை தறியில் அடி வாங்க வேண்டும் என்றால் அதற்கு முறுக்கும் விறைப்பும் வேண்டும். அதற்காகப் பாவைத் தெருவில் நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி தெளித்து, இழைகளை நீவி, வெயிலில் காயவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்து கைகொடுப்பார்கள். முடிந்ததும் பானையில் கொஞ்சம் கஞ்சி மிச்சம் இருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றுவார்கள்.

அதை ஊற்றவிடாமல் ஒரு அலுமினியத் தூக்கோடு போய் நின்றவன் நான். யார் வீட்டு வாசலில் பாவு நீட்டினாலும் தூக்கோடு ஆஜர். நல்ல அரிசிக் கஞ்சி, சும்மா கிடைக்கிறது. இது ஊரில் வேறு எவனுக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு ஒரே பெருமை. எவனுக்கும் தோன்றாத யோசனை நமக்குத் தோன்றினால் உடனே உட்கார்ந்து பயப்பட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதல் தடவை மைனருக்குத் தூக்கு முழுவதையும் வைத்தேன். சாயங்காலம் அவன் வயிறு தவில் மாதிரி ஆகிவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து மருந்தைப் புகட்டி, வயிற்றை அமுக்கிவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்பா, ஆட்டுக்கு நீ தீனி வெச்சியா, பந்தி வெச்சியா?" என்றார்.

அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு கை அளவுதான். ஆனால் ருசி பிடித்துவிட்டது. தூக்கின் மூடியை ‘டொக் டொக்’ என்று தட்டினால் போதும், நிலத்தின் எந்த மூலையில் இருந்தாலும் மைனர் பாய்ந்து வருவான். வருகிறவர்களிடம் எல்லாம் தட்டிக் காட்டினேன். என் பேச்சைக் கேட்கிற ஜீவன் உலகத்தில் ஒன்றாவது இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

அவன் கேட்டது என் பேச்சை அல்ல, கஞ்சியை. காஞ்சிபுரத்தில் அந்த வாசனை என் தூக்கில் மட்டுமா வரும்? அதை நான் யோசித்துப் பார்க்கவே இல்லை.

மல்லிகாவுக்குக் கல்யாணம்

செல்வியின் தங்கை மல்லிகாவுக்குத் திருமுக்கூடல் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. விவசாயக் குடும்பம். கூரைப்புடவைக்குப் பட்டு அவர்கள் வாங்கித் தருவது, நெய்வது நம் வீட்டில் என்று பேச்சு. "தங்கச்சி புடவைய நான்தான் நெய்வேன்" என்று செல்வி சொல்லிவிட்டாள். "எங்கதைதான் அப்படி ஆயிடுச்சு. இவளுது ஒருத்தர் ஒரு குத்தம் சொல்லக்கூடாது."

இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

வழக்கமாக ஒரு பாவில் மூன்று புடவை வரும். என் மாமனார் மட்டும் கூரைப்புடவைக்கு ஒற்றைப் புடவைப் பாவுதான் போடுவார். அந்தப் புடவைக்கு உலகத்தில் ஜோடி இருக்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். அரக்கு நிறத்தைச் சம்பந்தியம்மா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, நாலு தடவை மாற்றச் சொல்லி ஒருவழியாகத் தலையாட்டியிருந்தார். இதே நிறம் இன்னொரு தடவை வரும் என்று கேட்காதீர்கள் என்று சாயம் போட்டவர் கும்பிடு போட்டுவிட்டார். முகூர்த்தமும் நெருங்கிவிட்டது. ஆக, இந்தப் பாவுதான். இது போனால் வேறு இல்லை.

பாவுக்குக் கஞ்சி போடுகிற அன்று சம்பந்தியம்மாவே நேரில் வந்து மஞ்சள் குங்குமம் வைப்பதாக ஏற்பாடு.

எனக்கும் ஒரு பங்கு இருந்தது. கல்யாணம் முடிந்து நடக்கும் கறி விருந்துக்குக் கிடா என் செலவு என்று சபையில் எழுந்து சொல்லியிருந்தேன். மைனரைக் கொடுக்க மனசே இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு தடவையாவது நானும் ஒரு ஆள் என்று நிற்க ஆசை. அந்த ஆசையோடு நின்றிருக்கலாம். சம்பந்தியம்மா வருகிற நாளில் கிடாவைக் காட்டினால் கெத்தாக இருக்குமே என்று இன்னும் ஒரு படி மேலே போனேன்.

டி.வி.எஸ். வண்டியில் முன்பக்கம் மைனரை நிற்கவைத்து, இரண்டு முழங்காலாலும் இடுக்கிக்கொண்டு, ஹாண்டிலில் தூக்கு ஆட, ஏனாத்தூரிலிருந்து ஊருக்குள் வந்தேன். வழியெல்லாம் ஜனங்கள் பார்த்தார்கள். மைனர் அவர்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில், வண்டி ஓட்டுகிறவன் அவனுடைய டிரைவர் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

தெருமுனைக் கரண்ட் கம்பத்தில் அவனைக் கட்டினேன். கயிறு, தெருவில் பாவு கட்டுகிற பழைய கயிறு. வருஷக்கணக்காகப் பக்கத்தில் கஞ்சி தெளித்துத் தெளித்து ஊறிப்போன கயிறு. இதையும் நான் யோசிக்கவில்லை. சம்பந்தியம்மாவிடம் காட்ட அவிழ்க்கப் போனபோது கயிறு மட்டும்தான் கையில் வந்தது.

இனி, திரும்பிப் பார்க்கிறேன்

சம்பந்தியம்மா குங்குமத் தட்டோடு வாசற்படி இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மல்லிகா. பாவின் ஒரு முனையில் மைனர் பின்னங்காலில் எழும்பி நின்றுகொண்டிருந்தான். ஒரு கொத்து அரக்குப் பட்டு அவன் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடி ருசித்துச் சப்பினான்.

நான் ஓடிப்போய்க் கழுத்தைப் பிடித்தேன்.

"இழுக்காத! மாப்ள, இழுக்காத!" தெருவே கத்தியது.

பட்டு சுலபத்தில் அறாது. ஆட்டை இழுத்தால் கூடவே பாவும் வரும், கலைந்தால் மொத்தமும் சிக்கு. பிடித்த கையை எடுக்கவும் முடியாமல், இழுக்கவும் முடியாமல், மைனரைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டேன். "விட்டுட்றா, கண்ணு, விட்டுட்றா" என்று காதில் கெஞ்சினேன். வெள்ளைக் காதை ஒரு தடவை உதறினான். இன்னொரு வாய் உள்ளே போனது.

அந்த நேரத்தில்தான் பின்னால் ‘டொக் டொக்’ என்று கேட்டது.

செல்வி என் தூக்கை வண்டியிலிருந்து எடுத்துக் கஞ்சிப் பானையில் முக்கி, மூடியைத் தட்டிக்கொண்டு நின்றாள். மைனர் சப்புவதை நிறுத்தினான். காது நிமிர்ந்தது. இரண்டு காலையும் கீழே வைத்தான். அவள் ஒரு கையால் தூக்கை அவன் மூக்குக்கு நேரே பிடித்து, மறு கையால் வாய்க்குள்ளிருந்து இழைகளை உருவினாள். எச்சிலும் நுரையுமாக, முழ நீளத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சில இழைகள் வரவில்லை. பல் பட்டு அறுந்து உள்ளே போய்விட்டன.

மைனர் தூக்குக்குள் தலையை விட்டுக் கஞ்சி குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

மல்லிகா அழவில்லை. முகம் வெளுத்து, சம்பந்தியம்மாவின் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூரைப்புடவைப் பாவு அறுந்தது அபசகுனம், அதுவும் ஆட்டு எச்சில் பட்டு. இதற்கு அந்தத் தட்டு அப்படியே திரும்பிப் போனால் கேட்பதற்கு யாரும் இல்லை. ஒரு பெண்ணின் கல்யாணம் என் தூக்கால் நின்றுவிடப் போகிறது என்று பயந்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பயந்ததில்லை.

மாமனார்தான் பேசினார். "பட்டுக்கு எச்சில் கெடையாது, சம்பந்தி" என்றார்.

சம்பந்தியம்மா தட்டை மல்லிகா கையில் கொடுத்துவிட்டு, பாவருகே குனிந்து ஈர இழைகளைத் தொட்டுப் பார்த்தார். "இத்த சரி பண்ண முடியுமாம்மா?" என்றார் செல்வியிடம்.

"பண்றேன் அத்த. மிச்ச நூல் கொஞ்சம் இருக்குது. அறுந்த இழைய ஒவ்வொண்ணா ஒட்டிடறேன்."

"வெளிய தெரியுமா?"

"இடுப்புல செருகற முனையில வர மாதிரி பாவைத் திருப்பிக்கினு நெய்றேன். கட்டினா உள்ள போயிடும்."

சம்பந்தியம்மா குங்குமத்தை எடுத்தார். பாவின் தலைமாட்டில் வைத்தார். மல்லிகாவின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார். அப்போதுதான் அந்தப் பெண் அழுதது.

மாமனார் என் பக்கம் திரும்பினார். "இந்த ஆட்டை இப்பவே இஸ்துக்கினு போய் வெட்டு, மாப்ள. விருந்து வரிக்கும்லாம் தாங்காது."

"அய்ய, அது எப்படி?" என்றார் சம்பந்தியம்மா. "எங்க வூட்டு மருமவ கூரைப்புடவை அது வயித்துல இருக்குது. அத்த அறுத்து நாங்க சாப்பிடறதா? உங்க மாப்ளைய வேற எதுனா வாங்கியாரச் சொல்லுங்க."

இப்படியாக மைனர் பிழைத்துக்கொண்டான். மறுநாள் கொட்டகையைக் கூட்டும்போது பார்த்தேன். புழுக்கையில் நல்ல அரக்கு நிறத்தில் இழை ஓடியிருந்தது. சாயம் போகவே இல்லை. சாயம் போட்டவரிடம் போய்ப் பாராட்டலாமா என்று யோசித்து, இந்த ஒரு தடவை மட்டும் என் யோசனையைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

மணையில்

அதற்குப் பிறகு செல்வி தறியை விட்டு எழுந்ததை நான் அதிகம் பார்க்கவில்லை. விரல் நுனி சிவக்கச் சிவக்க இழை ஒட்டினாள். நான் சமைத்தேன். அதைச் சாப்பிட்டதும் அவள் பொறுமையில் ஒரு பகுதிதான்.

கல்யாணத்தன்று மல்லிகா அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மேளச் சத்தத்துக்கு நடுவே நான் கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தேடினேன். ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. கோர்வை கோடு போட்ட மாதிரி நின்றது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்புறம்தான் செல்வியைக் கவனித்தேன். பீரோ நிறைய அவள் நெய்த புடவைகள் இருக்க, எங்கள் கல்யாணத்துக்கு நான் நெய்த அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கோணிப்போன அந்த ஒரு சாண் முன்னால் கொசுவத்துக்குப் பக்கத்தில் பளிச்சென்று தெரிந்தது.

சம்பந்தியம்மா மெல்ல அவள் பக்கம் சாய்ந்தார். "ஆடு கடிச்ச எடம் எதும்மா? எனக்கே தெரியலியே."

"அது உள்ள போயிட்டுது அத்த" என்றாள் செல்வி. தன் கரையை விரலால் பிடித்துக் காட்டினாள். "வெளிய தெரியறது இதான். எங்க வூட்டு ரெண்டு பொண்ணுங்க கூரைப்புடவையிலயும் ஆடு வாய் வெச்சிருக்குது. அவளுத வாயிலருந்து புடுங்கிட்டேன். எனக்கு முழுசா நெய்ஞ்சு குடுத்துட்டு, தாலியும் கட்டிட்டுது."